செகண்ட் கியரில் வந்த தேர்

வாத்தியாரே,

இன்று காலை ஓரிக்கையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று பாலாற்றுப் பாலத்திலிருந்து இறங்கி, கடையைத் தாண்டிப் போனது. வண்டி போய்விட்டது, அதன் நாற்றம் மட்டும் கடையிலேயே நின்றுவிட்டது. யாரோ டயரைக் கொளுத்துகிறார்கள் என்று டீக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். டயர் இல்லை. பிரேக் லைனர். இரும்புச் சட்டியில் ரப்பரையும் மயிரையும் சேர்த்து வறுத்தால் வருமே, நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு சோறு தின்றாலும் போகாதே, அந்த நாற்றம்.

கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். பார்த்திருந்தால் நீயே சிரித்திருப்பாய். நாற்பத்தெட்டு வயது, முன்னால் ஒரு தொப்பை, மடித்துக் கட்டிய லுங்கி, ஒரு காலில் மட்டும் செருப்பு. இறக்கத்தின் பாதியில் ஒரு ஸ்கூல் வேன் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால் லாரி நின்றது. கதவைத் தட்டி, "தம்பி, ஓரங்கட்டு, டிரம்மு வெந்துக்கினு இருக்குது" என்றேன். அவன் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றான். நான் போய் வண்டிக்கு எதிரில் நின்றுகொண்டேன். அவன் இறங்கினான்.

இறங்கியவன் என்ன செய்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது நிறைய இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடிதம் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். அடிக்க வர உன்னால் முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன்னை வாத்தியாரே என்று கூப்பிட்டதே கேலிக்குத்தான். நீ என்னைவிட நாலு வயது சின்னவன். நான் பஸ் ஸ்டாண்டுக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் நடுவே பதினேழு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டி ஹெவி லைசென்ஸ் எடுத்தவன். மாகறல் தாண்டி இருந்த அந்தக் கல்குவாரியில், புதிதாக வருகிற டிரைவர் மூன்று மாதம் தினம் இரண்டு நடையாவது உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் டிப்பர் ஓட்ட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆட்டோ வேற, இது வேற" என்றாய். "ஆமா, இதுல மீட்டர் இல்ல" என்றேன். உன் முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. இவனோடு மூன்று மாதமா என்று அப்போதே நாளை எண்ண ஆரம்பித்தேன்.

அன்று மதியமே முதல் அறை வாங்கினேன். வண்டியைப் பின்னால் எடுக்கப் போனேன். "இறங்கிப் பாத்துட்டு எடுண்ணே" என்றாய். "கண்ணாடி இன்னாத்துக்கு வெச்சிருக்கான், பவுடர் பூசவா?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் பிடரியில் விழுந்தது. அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே அடிக்கிறவனை என் ஜென்மத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினாய். லாரி நிழலில், டயரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு லோடுமேன் துண்டை விரித்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். என் வாய் அடங்கி நிற்க வளர்க்கப்பட்ட வாய் இல்லையே. அவனைக் காலால் தட்டி எழுப்பி, "எமன் வந்துட்டுப் போயிட்டாம்பா, காபி குடிக்கிறியா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீ இன்னொன்று கொடுத்தாய்.

அந்த ஷெட்டில் உன் கை படாத கன்னம் இல்லை. பெல்ட் போடாதவனுக்கு அறை. போனில் பேசிக்கொண்டே ஓட்டியவனை ஓடுகிற வண்டியை நிறுத்தச் சொல்லி, போனைப் பிடுங்கி, அந்தப் போனாலேயே வாயில் அடித்தாய். பல் ஆடிப்போய் இரண்டு நாள் கஞ்சி குடித்தான். டிப்பர் தொட்டியை முழுசாக இறக்காமல் கிளம்பியவனை முடியைப் பிடித்து ஜல்லிக் குவியலில் முகத்தை வைத்துத் தேய்த்தாய். அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் டீ குடிக்கக் குனிந்தபோது யாரோ பின்னாலிருந்து அடித்து உன் நெற்றி பிளந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்த லோடுக்கு ஏறினாய். ரத்தம் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் எப்போதும் போல ஹேண்ட் பிரேக் மேலே இருந்தது.

அந்தக் கையை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். இடது சீட்டில் உட்கார்ந்தால் உன் கண் ரோட்டில், வலது கை அந்த லிவரில். முரட்டுக் கிடாவின் கொம்பைப் பிடித்திருக்கிற மாதிரி விடாமல் பிடித்திருப்பாய். உன் வீட்டு ஆண்கள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஊரே வடத்தைப் பிடித்து இழுக்கும்போது, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, சரியான நொடியில் கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புகிற, நிறுத்துகிற ஆட்கள். உன் அப்பாவுக்கு வலது காலில் மூன்று விரல்தான் என்றாய். மிச்சம் இரண்டும் சக்கரத்துக்குப் போனது. "தேரை இழுக்க ஊரே வரும்ணே. நிறுத்தத்தான் நாலு பேரு இருக்கோம்" என்று நீ சொன்னபோது, அதில் ஒரு நல்ல கேலி இருக்கிறது என்று மட்டும் எனக்குப் பட்டது. வேறொன்றும் படவில்லை.

குவாரியின் மேலேயிருந்து எடை மேடைக்கு இறங்குகிற அந்தச் சரிவு உனக்கு ஞாபகம் இருக்கும். வலது பக்கம் பழைய பள்ளம், பச்சைத் தண்ணீர். இடது பக்கம் வெட்டிவிட்ட பாறைச் சுவர். கீழே நேர் எதிரில் எடை மேடை, அதை ஒட்டி ஜல்லி சலிக்கிற பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற தகரக் கொட்டகை. லோடு ஏற்றிய வண்டி அதில் செகண்ட் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது உன் வேதம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அப்பப்போ தொட்டால் போதும் என்பாய். நாங்கள் ஏழு பேர் புதுசு. எங்களுக்கு நியூட்ரல். கியரை எடுத்துவிட்டால் வண்டி தானாக ஓடும், சத்தம் இருக்காது, காற்று முகத்தில் அடிக்கும், முன்னால் போகிறவனைப் பிடித்து எடை மேடைக்கு முதல் ஆளாகப் போகலாம். பிரேக்கை மட்டும் மேலேயிருந்து கீழே வரைக்கும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடாகும், லைனர் கருகும், ஒருநாள் மிதித்தாலும் பிடிக்காது, அப்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் அதே கருகின லைனர்தான் என்று நீ நூறு தடவை சொல்லியிருப்பாய். நூறு தடவையும் ஒரு அறையோடு சேர்த்துச் சொன்னதால் அறைதான் ஞாபகம் இருந்தது.

நீ செகண்ட் கியரில் உறுமிக்கொண்டு இறங்கும்போது நான் எடை மேடையில் நின்று ஆரம்பித்தேன். தலையில் துண்டைக் கட்டி, ஒரு தட்டில் பீடியைப் பற்ற வைத்துக் கற்பூரம் மாதிரி காட்டி, "தேரு வருது, தேரு வருது, வடம் புடிங்கடா" என்று குரல் கொடுத்தேன். சல்லடைப் பெண்கள் கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரத்தில் உனக்குப் பெயரே தேரு என்றாகிவிட்டது. செகண்ட் கியர் போடுகிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு ஆரத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு ஒருவனும் போடவில்லை. அடிக்குப் பயந்து போடுகிறவன் கூட என் தட்டுக்குப் பயந்து போடவில்லை.

உன் கையை நான் உடைத்த நாளைப் பற்றி நாம் ஒருதடவை கூட மனம்விட்டுப் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

பதினெட்டு டன் ஜல்லி. நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில். சரிவின் தலையில் உன் கண்ணெதிரிலேயே கியரை எடுத்துவிட்டேன். "கியர் போடுண்ணே" என்றாய். நான் சிரித்தேன். "போடு" என்றாய். "வேணும்னா எறங்கி வடம் புடி" என்றேன். நீ லிவரை இழுத்துவிட்டாய். வண்டி கத்திக்கொண்டு இழுபட்டு, பின்புறம் வலது பக்கம் வீசி, பள்ளத்தின் விளிம்பில் ஒரு டயர் அகலம் விட்டு நின்றது. நான் மூச்சை விடுவதற்குள் சுற்றி வந்து கதவைத் திறந்து என்னைக் கீழே இழுத்துப் போட்டாய். வயிற்றில் மிதித்தாய். எழுந்தால் முகத்தில், விழுந்தால் விலாவில். அண்ணே என்று அன்றைக்குக் கூப்பிடவில்லை. அதற்குள் மற்ற ஆறு பேரும் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து வட்டம் கட்டி நின்றார்கள். விசில் அடித்தார்கள். அத்தனை பேர் எதிரில் அடி வாங்குவதுதான் எனக்கு வலித்தது, மிதி இல்லை. கையில் வீல் ஸ்பேனர் கிடைத்தது. நீ மறுபடி அறைய ஓங்கிய கையை, அந்த வலது கையை, மணிக்கட்டில் பார்த்து முழுப் பலத்தோடு அடித்தேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது.

நீ ஜல்லி மேல் உட்கார்ந்தாய். தொங்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய்: "அண்ணே, சக்கரத்துக்குக் கல்லு வெச்சியா?"

வைக்கவில்லை. வண்டி விளிம்பில் சரிந்து நிற்கிறது, ஆறு பேர் அதன் முன்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எவனுக்கும் தோன்றவில்லை. எனக்கோ சிரிப்பு வந்தது. "கையி போச்சு, இவன் கல்லுக்கு அழுவுறான் பாரு" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ எழுந்து, இடது கையாலேயே ஒரு பாறைத் துண்டை உருட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாய். அதன் பிறகுதான் மயங்கி விழுந்தாய்.

முதலாளியிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாயாம். போலீசுக்குப் போகவில்லை. ஏன் என்று பிறகு நான் கேட்டதற்கு, "ஆறு பேரு எதிர்ல ஒரு ஆட்டோக்காரன்கிட்ட அடி வாங்கினேன்னு கையெழுத்துப் போடச் சொல்றியா?" என்றாய். நீ கேலி பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நீ கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த இரண்டு மாதமும் ஷெட்டுக்கு நான்தான் ராஜா. தேரை நிறுத்தியவன் என்று தோளில் தூக்கினார்கள். அப்போதுதான் தென்னேரியிலிருந்து தினேஷ் வந்து சேர்ந்தான். கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. நான் என்ன சொன்னாலும் சிரிப்பான். சிரிக்கிற ஆள் கிடைத்தால் என்னைப் பிடிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். நியூட்ரலில் இறங்குவது எப்படி என்று நான் அவனுக்குச் சொல்லித்தரவே இல்லை. தேரு எப்படி இறங்கும் என்று நடித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

கட்டைப் பிரித்த மறுநாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். திருப்பி அடிக்கத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்து அம்மிக் குழவியைக் கண்ணால் தேடினேன். நீ வாசலிலேயே நின்று, தறியில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்து, "அண்ணி, பாவுல மிச்சம் வுழுற நூலு கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டாய். எதற்கு என்றாள். கையைக் காட்டினாய். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. "லிவரைப் புடிக்க முடியல அண்ணி. ஒரு வளையம் கட்டிக்கினா மணிக்கட்டை உள்ள நொழச்சு இழுத்துடுவேன்" என்றாய். யார் உடைத்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். சேலையை அறுத்தபின் தறியில் நிற்கிற பட்டு முனைகளை எடுத்து, மூன்று புரியாக முறுக்கி, பின்னி, வளையமாக முடிச்சுப் போட்டாள். "யானையக் கட்டினாலும் அறாதுபா" என்று சொல்லி உன் கோணல் கையில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். நான் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

உன்னை வழியனுப்பத் தெருமுனை வரை வந்தேன். மன்னிச்சிருப்பா என்று சொல்லத்தான் வந்தேன். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அண்ணே, நான் அடிச்சாலும் கேக்க மாட்டேங்கறானுங்க. நீ சொன்னா கேப்பானுங்க. ஒருவாட்டி சொல்லேன், கியர்ல எறங்கச் சொல்லி." பார்க்கலாம்பா என்றேன். நீ அந்த வளையத்தை மணிக்கட்டில் காப்பு மாதிரி போட்டுக்கொண்டு நடந்து போனாய்.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ வண்டியில் ஏறி லிவரில் வளையத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, எடை மேடையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று, "தேருக்குப் புது வடம் வந்திருக்குது, எல்லாரும் தொட்டுக் கும்பிடுங்க" என்றேன். தினேஷ் தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான்.

நீ போன நாளில் நான் எடை மேடையில் என் எடைச் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். முதலில் நாற்றம்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் சரிவின் பாதியில் உன் வண்டி, ஓட்டுகிறவன் தினேஷ், நாலு பின் சக்கரத்திலும் புகை. ஹாரன் விடாமல் அலறியது. கொட்டகையிலிருந்த பெண்கள் தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தி புடவை தடுக்கி எதிரிலேயே விழுந்தாள். வண்டி அவளைப் பார்த்து நேராக வந்தது. வந்ததுதான், கடைசி நேரத்தில் வெடுக்கென்று இடது பக்கம் திரும்பி, பாறைச் சுவரில் இடித்து, உரசிக்கொண்டே வந்து நின்றது. ஜல்லி மழை மாதிரி எங்கள் மேல் கொட்டியது. இடது கதவுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் கூட இல்லை. அதற்குள்தான் நீ இருந்தாய். உன்னை எடுக்கப் பொக்லைன் வர வேண்டியிருந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

தினேஷை ஜன்னல் வழியாகப் பிடுங்கி எடுத்தார்கள். இல்லை, எடுத்தோம். முதல் அடி என்னுடையது. செருப்பால், கையால், கல்லால். விழுந்த பெண் கூட எழுந்து வந்து சல்லடைக் கட்டையால் அவன் முதுகில் போட்டாள். கால் ஒடிந்து கிடந்தவனை அந்தக் காலிலேயே மிதித்தேன். "கொன்னுட்டியேடா" என்று கத்திக்கொண்டே மிதித்தேன். அவன் என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். வாயிலேயே மிதித்தேன். போலீஸ் வந்திருக்காவிட்டால் அன்றைக்கு இரண்டு பிணம்.

அதற்குப் பிறகு ஷெட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. கை சரியில்லாதவன், ஹேண்ட் பிரேக்கை இழுக்க முடியாமல் செத்தான் என்று. என்னை வைத்துக்கொண்டு பேசமாட்டார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பேனரைத் தொட்டால் அந்த முருங்கைக் கிளை ஒடிந்தது. நொறுங்கிய உன் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் நிறுத்தியிருந்தார்கள். ஐந்து மாதம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். உள்ளே லிவர் இழுபடாமல் கீழே இருந்தால், நான்தான் கொன்றது. அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்போதும் டீக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் மனைவிதான் ஒருநாள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளும் ஐந்து மாதமாகத் தூங்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "என் நூலு அறுந்துச்சா இல்லியான்னு போய்ப் பாத்துட்டு வாய்யா. அறுந்திருந்தா நான் இனிமே தறியில ஒக்கார மாட்டேன்."

போனேன். ஸ்டேஷன் ஏட்டு, திருட வந்தியா என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார். டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக ஏறினேன். கண்ணாடித் தூள், காய்ந்த ரத்தம், எலிப் புழுக்கை. குனிந்து பார்த்தேன். லிவர் முழுசாக இழுபட்டு நின்றது, ஒரு நூல் பாக்கி இல்லாமல். வளையம் அதில் இறுகிக் கிடந்தது. ஒரு புரி கூடப் பிரியவில்லை. நீ இழுத்திருக்கிறாய். நான் உடைத்த கையாலேயே, கடைசி வரைக்கும் இழுத்திருக்கிறாய்.

அந்த நாறுகிற சீட்டில் உட்கார்ந்து போனைப் போட்டு, "உன் நூலு அறல, அறல" என்று அவளிடம் கத்தினேன். ஏட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் இல்லை, என் அடி இல்லை என்று ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தேன். வாத்தியாரே, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு அது. ஆட்டோக்காரன் கை பழக்கத்தில் எங்கே போகும்? கியர் ராடில் போய் விழுந்தது. அது தளதளவென்று ஆடியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் போனது. நியூட்ரல்.

அங்கிருந்து நேராகத் தென்னேரிக்குப் போனேன். தினேஷ் ஜாமீனில் வந்து வீட்டில் இருந்தான். ஏரிக்கரையில் கட்டையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ் உதடு கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அது என் கால். என்னைப் பார்த்து ஓடப் பார்த்தான், முடியவில்லை. அடிக்க வரவில்லை, என்ன நடந்தது என்று சொல் என்றேன்.

"அவரு ரெண்டு வாட்டி சொன்னாருண்ணே, செகண்ட் போடுன்னு. நான் உங்கள மாதிரியே செஞ்சு காட்டினேன். தேருக்குப் புது வடம், தொட்டுக் கும்புடுங்கன்னு."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வளையத்துல கைய நொழச்சிக்கினாரு. பாதியில பிரேக்கு புடிக்கல. அவரு இழுத்தாரு, நிக்கல. வலது பக்கம் பள்ளம், எதிர்ல அந்தப் பொம்பள. எம் பக்கம் பாறையில சாத்துடான்னாரு. சாத்திட்டேன்."

பிறகு, "அன்னிக்கி நீங்க மெதிக்கச்சொல்ல இத்தத்தான்ணே சொல்ல வந்தேன்" என்றான்.

நான் அடித்த அடிக்கு நீ ஒரு வளையத்தைக் கட்டிச் சமாளித்துவிட்டாய். என் வாய்க்கு என்ன கட்டுவாய்? ஸ்பேனரால் ஒரு கையைத்தான் உடைக்க முடிந்தது. அந்தப் பீடித் தட்டு ஒரு ஷெட்டையே நியூட்ரலில் இறக்கியது. உன் காதில் கடைசியாக விழுந்த கேலி நான் கட்டிக் கொடுத்தது.

மறுநாள் ஷெட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். லிவரைச் சொன்னேன், நியூட்ரலைச் சொன்னேன், என் வாயைச் சொன்னேன். அவர்கள் எங்கே சிரிக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் ஒருவன் கைதட்டினான். இருபது வருஷமாகக் கோமாளி வேஷம் போட்டவன் ஒருநாள் அழுதால், அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி. என்ன செய்வது என்று தெரியவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு சரிவுக்கு வந்தேன். செகண்ட் கியர் போட்டேன். இன்ஜின் உறுமியது. நீ சொன்னது நிஜம்தான், அதுவே பிடித்துக்கொண்டது. கீழே எடை மேடையில் ஒருவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டான்.

நாலு வருஷமாகிறது. இப்போது வேறு ஷெட்டில் இடது சீட்டில் உட்காருகிறேன். தேரு என்றால் நான்தான். நான் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் நிறைய வாங்குகிறேன். ஒருவன் தோளைப் பெயர்த்தான், ஒருவன் வண்டியிலிருந்து தள்ளிவிட்டான். என் லிவரிலும் ஒரு பட்டு வளையம் இருக்கிறது. என் கை நன்றாக மடங்கும், அதற்குத் தேவையே இல்லை. இருந்தாலும் மனைவி கட்டிவிட்டாள்.

காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவன் இறங்கினான் என்றேன் இல்லையா? நேராக முகத்தில் ஒன்று விட்டான். நல்ல கை. உதடு கிழிந்து, டீயும் ரத்தமுமாக வாயில் கலந்தது. சட்டையைப் பிடித்துச் சுழற்றி ரேடியேட்டரில் மோதினான். வயிற்றில் இரண்டு. ஸ்கூல் வேனிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். என் வாயில் அவனைப் பற்றி நாலு கேலி தயாராக இருந்தது, அத்தனையும் முதல் தரம்; சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். அவன் மறுபடி கையை ஓங்கியபோது, அந்த நாலையும் விழுங்கிவிட்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டு அவனைக் கேட்டேன்.

"தம்பி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சியா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் முகம் முதலில் சிரிக்கப் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, இறக்கத்தில் நிற்கிற தன் வண்டியையும், அதற்கு முன்னால் நிற்கிற வேனையும் பார்த்தான். பின் சக்கரத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

கல் தேட அவன்தான் முதலில் ஓடினான், வாத்தியாரே.